பழைய என்ஃபீல்டு புல்லட்டின் உதிரிப்பாகங்கள்

உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஒரகடம் ஆலையும் (2013) வல்லம் வடகால் ஆலையும் (2017) இதே மாவட்டத்தில்தான் உள்ளன. ஆனால் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒருவர் தன் தகப்பனார் காலத்துப் புல்லட்டின் கியர்பெட்டியைப் பிரித்து, உடைந்த ஒரு ஸ்பிரிங்கை மாற்ற நினைத்தால், இந்த அருகாமையால் அவருக்குப் பயனில்லை. அந்த ஆலைகளிலிருந்து இன்று வெளிவரும் வண்டிகளில் அந்த ஸ்பிரிங்குக்கு இடமே கிடையாது. ஒரு சிறு பாகத்துக்காக அவர் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை புதுப்பேட்டை என்று ஒரு நாள் முழுவதும் அலைய நேரலாம். இந்த நிலை எப்படி உருவானது என்பதையும், அத்தகைய பாகங்களை எவ்வாறு தேடுகிறார்கள் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ரெடிச்சிலிருந்து திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தோன்றிய நிறுவனம். அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் அறிமுகமானது. விடுதலைக்குப் பின் இந்திய இராணுவத்தின் தேவைக்காகப் புல்லட் வண்டிகள் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வழியே இறக்குமதியாயின. 1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைச் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பூட்டி வண்டியாக்கினர். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1962க்குள் புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின.

புல்லட்டின் ஆயுளை நீட்டித்தது இந்த இடமாற்றமே. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. தாய் நிறுவனம் மறைந்தபின்னும் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டின் வடிவமைப்பு பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. 1977இல் இந்தியப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. அங்கே பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டிக்கான பாகங்களைச் சென்னையிலிருந்து பெறும் நிலை உண்டானது.

மற்ற வண்டிகளுக்கு இந்த நல்வாய்ப்பு அமையவில்லை. 1980களில் என்ஃபீல்டு இந்தியாவே ஜெர்மனியின் சுண்டாப் நிறுவன வடிவமைப்பில் ஃப்யூரி, எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் ஆகிய சிறு வண்டிகளை வெளியிட்டது. சுண்டாப் 1984இல் மூடப்பட்டது. பின்னர் இங்கும் அவற்றின் உற்பத்தி நின்றது. மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா 1996இல் மூடப்பட்டது. அப்பெயர்கள் பின்னாளில் புதிய வண்டிகளுக்குச் சூட்டப்பட்டாலும், அவற்றின் பாகங்கள் பழைய வண்டிகளுக்குப் பொருந்தா.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை

பழைய 350 புல்லட்டின் எஞ்சின் 346 சி.சி. கொள்ளளவு உடையது, சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. எஞ்சினும் கியர்பெட்டியும் தனித்தனியானவை. கியர்பெட்டி எஞ்சினின் பின்புறத்தில் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சினின் விசை, இடப்பக்க உறைக்குள் எண்ணெயில் ஓடும் இரட்டை வரிச் சங்கிலி வழியாகக் கிளட்ச்சுக்குச் செல்கிறது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தூரம் மாறாதது என்பதால், தொய்யும் சங்கிலியை அடியிலிருக்கும் வளைந்த தகடு ஒன்றை உயர்த்தி இறுக்குவர். கிளட்ச்சிலிருந்து நான்கு கியர் கொண்ட ஆல்பியன் வகைக் கியர்பெட்டி வழியாகவும், பின் சங்கிலி வழியாகவும் விசை பின்சக்கரத்தை அடைகிறது. பின்சக்கரக் குடத்துக்குள் உள்ள ரப்பர் கட்டைகள் அதிர்வைத் தாங்கிக்கொள்கின்றன. கியர் மிதியும் கிக்கரும் வலப்பக்கம் இருக்கும். கியர் மிதிக்கு அருகில், குதிகாலால் அழுத்தினால் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் 'நியூட்ரல் ஃபைண்டர்' என்ற சிறு நெம்பும் உண்டு.

இந்த வழியில் வண்டியை நிறுத்திவிடக்கூடியவை பெரும்பாலும் மலிவான பொருள்களே: கிக்கர் ராட்செட்டின் ஸ்பிரிங், கியர் மாற்றும் பொறியின் சிறு கொக்கி, கிளட்ச்சைத் தள்ளும் கம்பி, தண்டு சுழலும் புஷ், பூட்டு வாஷர், சர்க்ளிப். பற்சக்கரங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும், இவற்றில் ஒன்று பழுதானால் வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

சிக்கலின் ஒரு பகுதி அளவுமுறையிலிருந்து வருகிறது. ஆங்கிலேய வடிவமைப்பான புல்லட்டில் மரைகள் அங்குல முறையைச் சேர்ந்தவை. இந்தியா 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறைக்கு மாறியது. இன்று சிறு ஊர்களின் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை மெட்ரிக் போல்ட்டுகளே.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கால் அங்குல நுண்மரைப் போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ.; அதில் ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள், அதாவது ஒரு மரைக்கு 0.977 மி.மீ. வழக்கமான 6 மி.மீ. போல்ட்டில் ஒரு மரைக்கு 1 மி.மீ. மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் 6 மி.மீ. போல்ட் அந்தத் துளைக்குள் சுலபமாகப் போய்விடும். ஆனால் பிடிப்பு மிகக் குறைவு. அதிர்வில் அது கழன்றுவிடும், அல்லது இறுக்கும்போது அலுமினிய உறையின் மரையை அரித்துவிடும். இரண்டு ரூபாய் போல்ட்டால், எளிதில் கிடைக்காத ஓர் உறை வீணாவது இப்படித்தான்.

மாற்றமும் விடுபட்ட தலைமுறையும்

1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐந்து கியர் கொண்ட பெட்டியும், இடப்பக்கக் கியர் மிதியும் வந்தன. 2008 முதல் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதையொட்டி, 2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டு காலம் ஏறக்குறைய மாறாதிருந்ததால் பழைய வண்டிக்குப் புதிய வண்டியின் பாகம் பொருந்திவந்தது. அந்தத் தொடர்பு இத்துடன் அறுந்தது.

அதிகம் விற்கும் பாகங்களான பிஸ்டன், கிளட்ச் பிளேட், சங்கிலி ஆகியவற்றைப் பிற உற்பத்தியாளர்கள் தொடர்ந்து செய்கின்றனர். பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் சிறு பாகங்களே சந்தையிலிருந்து முதலில் மறைகின்றன. அவை நீண்ட நாள் உழைப்பதே அவற்றின் விற்பனையைக் குறைத்து, அருமையான பொருளாக்கிவிடுகிறது.

தேடும் முறை

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கிடைக்காத பாகங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கின்றனர்.

முதல் வகை, பொது அளவில் அமைந்தவை. பேரிங், ஆயில் சீல், சர்க்ளிப், சங்கிலி ஆகியவற்றை வண்டியின் பெயர் சொல்லித் தேடவேண்டியதில்லை. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணே போதும். எடுத்துக்காட்டாக, 6205 என்ற எண் இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மி.மீ. அதை எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம். எண் அழிந்திருந்தால் வெர்னியர் கொண்டு அளந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் வகை, லேத் பட்டறையில் கடைந்து எடுக்கக்கூடியவை. புஷ், ஸ்பேசர், பின், வாஷர் ஆகியன இதில் அடங்கும். கன்மெட்டலில் கடையும் புஷ்ஷில் எண்ணெய்த் துளை பழைய இடத்திலேயே அமையவேண்டும். உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதனால் முக்கியம். கடைபவருக்கு அதுவே மாதிரி.

மூன்றாம் வகை, உள்ளூரில் செய்ய இயலாதவை. கியர் பற்சக்கரம், ராட்செட் போன்றவற்றின் மேற்பரப்பு வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்டது. வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் பற்கள் விரைவில் தேய்ந்து, உதிர்ந்த இரும்புத்துகள் மற்ற பாகங்களையும் கெடுக்கும். இவற்றுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பழைய கடைகளில் விற்காமல் தங்கிய சரக்கு. மற்றொன்று, காயலான் கடையில் பிரிக்கப்பட்ட வேறொரு வண்டி. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிப்பாகக் கடைகளுக்கும், புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. தேடிச் செல்பவர் உதிரிப்பாகப் பட்டியல் புத்தகத்திலிருந்து பாகத்தின் எண்ணையும், வண்டியின் ஆண்டையும் குறித்துச் செல்வது நல்லது. நான்கு கியர் பெட்டியின் பாகத்துக்குப் பதில் ஐந்து கியர் பெட்டியின் பாகத்தை வாங்கித் திரும்புவது அடிக்கடி நேரும் தவறு.

சட்டத்தின் பார்வையில்

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டு கடந்த, எஞ்சினிலும் சட்டகத்திலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்கள் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அவ்வாகனங்களை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே இவ்விதி பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கே உதவுகிறது. வயலுக்கும் சந்தைக்கும் புல்லட்டில் போய்வருபவர் வழக்கப்படி 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு வண்டி ஓடவேண்டும். ஓடுவதற்குச் சிறு பாகம் கிடைக்கவேண்டும்.

2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருள்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை குறித்து ஆராயக் குழு அமைத்தது. அதன் கவனத்துக்குரிய துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. உற்பத்தி நின்ற பாகத்தின் அளவும் வரைபடமும் பொதுவில் கிடைத்தால், இரண்டாம் வகையைச் சேர்ந்தவற்றில் பலவற்றை உத்திரமேரூர் போன்ற ஊர்களின் அருகிலுள்ள லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அதுவரை அந்த அளவுகள் மெக்கானிக்குகளின் நினைவிலும், மாதிரிக்கென டப்பாவில் போட்டு வைத்த உடைந்த பாகங்களிலுமே இருக்கின்றன.