தென்னம்பிள்ளை

வாழைக்குக் கன்று, தென்னைக்கும் கமுகுக்கும் பிள்ளை, நெல்லுக்கு நாற்று. அன்றாடம் பிசகாமல் புழங்கும் இந்தப் பாகுபாட்டுக்கு இலக்கணச் சான்று உண்டு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைத் தொகுக்கும்போது, பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய நான்கையும் ஓரறிவு உயிர்களான மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்கிறது. உடனே, நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்று விலக்குகிறது. விதியைவிட இந்த விலக்கே நமக்கு முக்கியம். மரத்துக்குப் பிள்ளைப் பெயர் வெறும் உவமையாக வந்திருந்தால் நெல்லை மட்டும் ஒதுக்கக் காரணமில்லை. நெல்லின் மேல் பற்றில்லை என்றும் சொல்ல முடியாது. கதிர் வருமுன் பயிர் சூல் கட்டியிருக்கிறது என்றுதான் உழவர் இன்றும் பேசுகிறார்கள். தாய்மையை நெல்லுக்குத் தந்த மொழி பிள்ளைப் பெயரைத் தரவில்லை. முடி முடியாக நட்டு ஒரு போகத்தில் அறுத்துவிடும் பயிரில் தனி ஒன்றை யாரும் வளர்ப்பதில்லை. ஒன்றொன்றாகக் கவனித்து, ஆண்டுக்கணக்கில் கூட வாழ்வதற்கென்று வளர்ப்பதையே பிள்ளை என்றார்கள் என்பது என் முடிவு.

பிள்ளை என்றால் இளையது என்று மட்டுமே பொருள், இதில் உறவு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெலுங்கிலும் ‘பில்ல’ குழந்தையையும் விலங்கின் குட்டியையும் குறிக்கிறது. ஆகவே மனிதக் குழந்தையின் பெயரை மரத்துக்கு இரவல் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் முதலிலிருந்தே ஒரே சொல் போதுமானதாக இருந்தது என்கிறேன். ஆனால் இளமை மட்டும்தான் அளவுகோல் என்றால் பனை இடிக்கிறது. பனையின் இளமைக்குப் பெயர் வடலி. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்னும் பழமொழிப்படி தலைமுறை தாண்டும் மரம் பனைதான். பிள்ளைப் பெயரோ தென்னைக்கு. வேறுபாடு வளர்ப்பில் இருக்கிறது. பனங்கொட்டை விழுந்த இடத்திலேயே வேர்விட்டுத் தானாக எழும். தென்னையில் நெற்றைத் தேர்ந்து பாத்தியில் பதித்து, ஓராண்டளவு வளர்ந்ததும் மூன்றடிக் குழியில் மாற்றி நட வேண்டும். பிடுங்கும்போது ஓலையைப் பற்றி இழுக்கக் கூடாது. மண்ணைத் தோண்டி நெற்றோடு தாங்கி எடுக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றுதான் அது இன்னமும் வளர்கிறது. நட்ட பிறகு வெயிலுக்குக் கீற்று மறைப்பு, கோடையில் தண்ணீர், குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்குக் காவல். இத்தனையும் செய்தவன் வாயில்தான் அந்தச் சொல் நிலைத்திருக்கிறது.

உறவு இன்னும் தெளிவாக இருப்பது நற்றிணையின் 172ஆம் பாட்டில். தலைவியும் தோழியரும் விளையாட்டில் மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைக்க, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்களுக்குத் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்று அவனிடமே தோழி சொல்கிறாள். இது பகலில் சந்திப்பதைத் தட்டிக்கழிக்கத் தோழி கையாளும் சாக்கு, இதை வாழ்க்கைச் சான்றாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாக்காகவே இருக்கட்டும். கேட்பவனுக்கு நம்பத்தகுந்ததாக இருந்தால்தான் சாக்கு எடுபடும். மரத்தைத் தங்கை என்பது அவன் காதுக்குப் பிதற்றலாகப் படாது என்று கவிஞர் எண்ணியிருக்கிறார். இங்கே உறவுமுறையை வகுத்துத் தருபவள் தாய் என்பதையும் பார்க்க வேண்டும். மகள் வளர்த்த மரம், தாயின் கணக்கில் இன்னொரு மகள்.

நான்கு சொற்களில் குழவி இன்று செடிக்கு வழங்குவதில்லை. போத்து, முருங்கையும் பூவரசும் வெட்டி நடும் கிளைத்துண்டாகச் சுருங்கிவிட்டது. அரசு அறிவிப்புகளில் எல்லாமே மரக்கன்று. பிள்ளை மட்டும் தென்னந்தோப்புகளில் பழைய பொருளோடு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளைச் சாய்த்தபோது, பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று நம்பியிருந்தவர்கள் அழுதார்கள். அது வருமானம் போனதற்கான அழுகைதானே என்று கேட்கலாம். வருமானமும்தான். பெற்ற பிள்ளையிடமும் முதுமைக்குச் சோற்றை எதிர்பார்த்தவர்கள்தான் அவர்கள். அந்த எதிர்பார்ப்பால் பெற்ற பிள்ளையோடுள்ள உறவு பொய்யாகிவிடுவதில்லை. தென்னையோடுள்ள உறவுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.