புழுங்கலரிசியும் ஒற்றைப்படை எண்களும்

பட்டம் வாங்கின கையோடு பல்கலைக்கழக நூலகக் கணக்கு செத்துப்போனது. நேற்றுவரை திறந்த ஆய்வுக் கட்டுரைகள் இன்று காசு கேட்டன. ஒரு கட்டுரைக்குக் கேட்ட விலையில் என் வீட்டுக்கு ஒரு வாரச் சமையல் சாமான் வாங்கிவிடலாம். அந்த எரிச்சலில்தான், காசு கேட்காத இடங்களில் மேய ஆரம்பித்தேன். மருத்துவச் சோதனைகளின் வரலாற்றைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேம்ஸ் லிண்ட் நூலகத்துக்கு அப்படித்தான் போனேன். அங்கே கோலாலம்பூர் இருந்தது.

1907 ஜூனில் 'லான்செட்' இதழில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் எழுதிய அறிக்கை அது. பொருள்: அரிசியும் பெரிபெரியும். பெரிபெரி என்றால் கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதில் செத்தார்கள். ஆனால், தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து, காரணம் சோறுதான் என்றார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பச்சரிசி பழசாகும்போது ஏதோ விஷம் சேருகிறது என்பது அவர் கணக்கு.

ஃபிளெட்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொய் என்று காட்டத்தான் சோதனையில் இறங்கினார். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் வருவதற்கு முந்தைய காலம். 1905 டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றபடி கறி, காய் எல்லாம் ஒன்றே. இடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற சந்தேகம் வராமல் இருக்க, பாதியில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப் போட்டார்.

ஓராண்டு முடிந்தது. புழுங்கலரிசி தின்ற 123 பேரில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. பச்சரிசி தின்ற 120 பேரில் 18 பேர் செத்தார்கள்.

தான் நினைத்தது தப்பு என்று ஃபிளெட்சர் அச்சில் போட்டார். எப்படிப் பிரித்தேன், என்ன கொடுத்தேன், எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் சரிபார்க்கும்படி வரிசையாக எழுதினார். நினைத்ததற்கு மாறாக வந்த முடிவுகள் மேசை அறைக்குள்ளேயே கிடப்பது இன்றைக்கும் தீராத வியாதி. மருந்துச் சோதனைகளை ஆரம்பிக்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாவிட்டால் முடிவுகளை வெளியிட மாட்டோம் என்று பெரிய மருத்துவ இதழ்களே 2004இல்தான் கறாராகச் சொன்னது. அந்த வகையில் மனுஷன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த 18 பேரை நினைக்கும்போது அது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதே விஷயம் கடலுக்கு அந்தப் பக்கம், ஜாவாவில், ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. 1890களில் எய்க்மன் கோழிகளை வைத்துப் பார்த்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்த கிரெய்ன்ஸ், விஷமெல்லாம் இல்லை, தவிட்டோடு போகும் ஒரு சத்து இல்லாமல்தான் நோய் வருகிறது என்று 1901இலேயே எழுதிவிட்டார். எழுதியது டச்சு மொழியில், டச்சுக் காலனியின் மருத்துவ இதழில். வெளியே வெகு சிலர்தான் படித்தார்கள். அன்றைய பூட்டு மொழி. பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்து, பிறகு கோழிகளையும் பார்த்து, 1909 வாக்கில்தான் மலாயா அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. நோபல் பரிசு 1929இல் எய்க்மனுக்குப் போனது. கிரெய்ன்ஸுக்கு இல்லை. எய்க்மனோ முதலில் மாவுச்சத்தில் விஷம் என்று நம்பியவர்!

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போகாது. நம் ஆட்களுக்குத் தயமின் தெரியாது. புழுங்கலரிசிதான் வயிற்றில் நிற்கும், வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் சோறு என்பது தெரியும். எங்கள் பாட்டி லயத்தில் இருந்த காலத்திலிருந்து வேறு அரிசி வாங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கோலாலம்பூர், ஒற்றைப்படை, இரட்டைப்படை, 18 பேர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டது. புழுங்கலரிசி ஜெயித்ததில் பாட்டிக்கு ஆச்சரியமே இல்லை.

"இதெல்லாம் யாரு எழுதி வச்சா?"

"வெள்ளைக்கார டாக்டரு. லண்டன் பத்திரிகையில வந்துச்சு."

"செரி. அந்தக் கெழக்குப் பக்கத்து ஆளுங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களா, எந்த அரிசியத் திங்கிறோம்னு?"