ஒரே கோளாறு, இரண்டு திரைகள்: பூட் ஆகாத விண்டோஸும் லினக்ஸும்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியின் பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால் போதும், விண்டோஸ் 7 நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும். திரையின் அடியில் 7பி என்று முடியும் பிழை எண் இருக்கும். பலரும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது என்பதுதான் வருத்தம்.

டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. விண்டோஸின் பூட் லோடர், ரெஜிஸ்ட்ரியில் தொடக்க மதிப்பு 0 என்று குறித்த டிரைவர்களை மட்டும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும். நிறுவியபோது ஏஎச்சிஐ தேவைப்படாததால் விண்டோஸ் 7 அதன் டிரைவருக்கு 3 என்று குறித்திருக்கும். கெர்னல் எழும் நேரத்தில் டிஸ்க்கைப் படிக்க ஆளில்லை. லினக்ஸ் இதற்காகவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பமைப்பைக் கெர்னலோடு சேர்த்து ஏற்றுகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் அதில் பெரும்பாலான டிரைவர்களைத் திணித்துவிடுவதால், டிஸ்க்கை வேறு மதர்போர்டில் மாட்டினாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். ஃபெடோரா இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லா டிரைவர்களும் உள்ள ‘ரெஸ்க்யூ’ பதிவு ஒன்றைப் பூட் மெனுவில் தனியே வைக்கிறது.

கோளாறு வந்தபின் பயனரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு. விண்டோஸ் 8 முதல் பல ஆண்டுகள் வந்தது சோக முகமும் சில வரிகளும். எந்த டிரைவர் இல்லை, எந்தக் கன்ட்ரோலர் பதில் தரவில்லை என்ற தகவல் கிடையாது. டெபியனும் உபுண்டுவும் ரூட் டிஸ்க்குக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். கிடைக்காவிட்டால், வழக்கமான காரணங்களைப் பட்டியலிட்டு, கட்டளை அடிக்க ஒரு ஷெல்லையும் கொடுக்கும். ஏறிய மாட்யூல்கள், தெரியும் டிஸ்க்குகள், அவற்றின் அடையாளமான யூயூஐடி எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு இதைவிட மரியாதை வேறில்லை என்பேன்.

ஆனால் திரை விஷயத்தில் நிலை தலைகீழ். புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் இல்லையென்றால், விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரைக் கொண்டு மங்கலாகவாவது படம் காட்டும். லினக்ஸில் சில என்விடியா கார்டுகளோடு வெறும் கறுப்புத் திரைதான். கிரப் பூட் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அந்தக் கறுப்பு எதையும் சொல்லாது.

சரிசெய்யும் முறையிலும் இரண்டுக்கும் வரிசை மாறுகிறது. விண்டோஸ் 10இல் முதலில் சேஃப் மோடை அமைத்துவிட்டு, பிறகு பயாஸை மாற்ற வேண்டும். அப்படி ஒருமுறை பூட் ஆனாலே சரியான டிரைவர் இயக்கப்பட்டுவிடும். முன்பே பயாஸை மாற்றிவிட்டிருந்தால், பழைய முறைக்குத் திரும்பிவிட்டு மறுபடி தொடங்கலாம். லினக்ஸில் முன்தயாரிப்பு தேவையில்லை. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, நிறுவிய அமைப்புக்குள் நுழைந்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கினால் போதும்.

டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு. பயாஸில் கைவைத்ததும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை வேறிடத்தில் எழுதி வைக்காமல் தொடங்கவே கூடாது. கடவுச்சொல்லால் திறக்கும் லினக்ஸின் லக்ஸ் மறையாக்கத்துக்குப் பயாஸ் மாற்றம் ஒரு பொருட்டில்லை. வழக்கமான கடவுச்சொல்லையே கேட்கும்.