லண்டனில் பாசிசம்: மோஸ்லியும் கேபிள் வீதியும்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஐரோப்பாவைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ரோமிலும் பெர்லினிலும் நின்றுவிடுகிறார்கள். 1922 ஒக்டோபரில் முசோலினியின் ரோம் படைநடை, 1933 ஜனவரியில் ஹிட்லரின் பதவியேற்பு, 1936 ஜூலையில் ஸ்பெயினில் இராணுவக் கிளர்ச்சி என்று போகும் அந்த வரிசையில் லண்டனுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆங்கிலேயரின் சுபாவத்துக்குப் பாசிசம் ஒத்துவராது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லண்டனிலும் ஒரு பாசிசக் கட்சி இருந்தது. அதன் தலைவர் தெருவிலிருந்து வந்தவரல்லர், பாராளுமன்றத்திலிருந்து வந்தவர்.

ஒஸ்வால்ட் மோஸ்லி 1896இல் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். 1918இல், 22 வயதில், கொன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் ஹரோ தொகுதியில் வென்றார். இன்று நம்மவர்கள் நிறைந்து வாழும் அதே ஹரோதான். 1920இல் கர்சன் பிரபுவின் மகளை மணந்தார். வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அதே கர்சன். அயர்லாந்தில் அரசின் துணைப்படைகள் நடத்திய அட்டூழியங்களைக் கண்டித்து அவர் கட்சியை விட்டு விலகினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் தொழிற்கட்சியில் சேர்ந்து 1929இல் அமைச்சரானார். வேலையின்மையைப் போக்க அரசே பெருஞ்செலவில் பொதுப்பணிகளைத் தொடங்க வேண்டும் என்று அவர் கொடுத்த திட்டம் நிராகரிக்கப்பட்டது. 1930 மே மாதம் பதவி விலகினார். அந்தத் திட்டத்தில் நியாயம் இருந்தது என்று பல பொருளியலாளர்கள் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். 1931இல் அவர் தொடங்கிய புதிய கட்சி, போட்டியிட்ட எல்லா இடங்களிலும் தோற்றது. 1932 தொடக்கத்தில் இத்தாலி சென்று முசோலினியைச் சந்தித்துத் திரும்பினார். அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய பாசிஸ்டுகள் ஒன்றியம் பிறந்தது.

கறுப்புச் சட்டைதான் அதன் சீருடை. (நமக்குக் கறுப்புச் சட்டை என்றதும் பெரியாரின் தொண்டர்கள் நினைவுக்கு வருவார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது முசோலினியிடம் இரவல் வாங்கியது.) முசோலினியிடமிருந்து சட்டை மட்டுமல்ல, பணமும் வந்தது. 1934 ஜனவரியில் டெய்லி மெயில் பத்திரிகையின் உரிமையாளர் ரொதர்மியர் பிரபு, கறுப்புச் சட்டைக்காரரை வாழ்த்தித் தம் பெயரிலேயே கட்டுரை எழுதினார். உறுப்பினர் தொகை 50,000 வரை உயர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதே ஆண்டு ஜூன் 7ஆம் திகதி ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், இடையில் குரல் எழுப்பியவர்களை மோஸ்லியின் தொண்டர்கள் எல்லோர் கண்முன்னும் அடித்து நொறுக்கினார்கள். மூன்று வாரங்கள் கழித்து ஹிட்லர் தன் சொந்தக் கட்சிக்காரரையே கொன்று குவித்தார். கண்ணியவான்கள் மெல்ல நழுவினார்கள், ரொதர்மியரும் கைவிட்டார்.

இந்தியா பற்றியும் அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. லங்காஷயரில் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களிடம் போய், இந்தியா விதித்திருக்கும் இறக்குமதி வரியை நீக்கவைத்து உங்கள் துணிக்கு அந்தச் சந்தையைத் திறப்போம் என்றார்கள். பம்பாயிலும் கோயம்புத்தூரிலும் எழுந்துகொண்டிருந்த ஆலைகளின் கதி என்னாகும் என்பது அவர்கள் கவலையல்ல.

கனவான்கள் போன பிறகு மோஸ்லி கிழக்கு லண்டனுக்குத் திரும்பினார். 1880களிலிருந்து ரஷ்யப் பேரரசின் கொலைவெறிக்குத் தப்பி வந்த யூதர்கள் ஸ்டெப்னியிலும் வைட்சப்பலிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தையல், தளபாடம், சில்லறைக் கடை இவைதான் அவர்களுடைய தொழில்கள். வேலையைப் பறிக்கிறார்கள், வாடகையை உயர்த்துகிறார்கள், வேறு பாஷை பேசுகிறார்கள் என்ற பிரசாரம் அங்கே எடுபட்டது. இந்த மூன்று குற்றச்சாட்டுகளையும், ஆளை மட்டும் மாற்றி, நானே இந்த நகரத்து பஸ்களில் கேட்டிருக்கிறேன்.

1936 ஒக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, சீருடையில் கிழக்கு லண்டன் ஊடாக அணிவகுக்கப்போவதாக மோஸ்லி அறிவித்தார். தடைசெய்யும்படி கேட்டு ஏறத்தாழ 1,00,000 கையெழுத்துகளுடன் ஒரு மனு உள்துறை அமைச்சரிடம் போனது. அவர் மறுத்துவிட்டார். தொழிற்கட்சியும் யூதப் பெருந்தனக்காரர்களின் அமைப்பும், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அன்றைக்கு ட்ரபால்கர் சதுக்கத்தில் ஸ்பெயினுக்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தது. கீழ்மட்டத் தொண்டர்கள் நெருக்கிய பிறகுதான் தலைமை இறங்கிவந்தது. ஏற்கனவே அச்சான துண்டறிக்கைகளின் மேலேயே, எல்லோரும் ஓல்ட்கேட்டுக்கு வாருங்கள் என்று மறுபடி அச்சடித்தார்கள்.

வந்தவர்கள் 1,00,000க்குக் குறையாது, 3,00,000 வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மோஸ்லியின் ஆட்கள் 3,000 பேர் அளவில். அவர்களுக்கு வழிசெய்து கொடுக்க 6,000க்கு மேற்பட்ட பொலிஸார். ஓல்ட்கேட்டில் கார்டினர்ஸ் முனை என்ற சந்தியில் ஒரு ட்ராம் சாரதி வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த வழி அடைபட்டதும் பொலிஸ் தெற்கே கேபிள் வீதியால் நுழைய முயன்றது. அங்கே கவிழ்த்துப்போட்ட லொறியும் தட்டுமுட்டுச் சாமான்களும் தடுப்பரணாகக் கிடந்தன. மாடி யன்னல்களிலிருந்து பெண்கள் அழுகிய காய்கறியையும் இரவுச் சட்டிகளில் இருந்ததையும் பொலிஸார் தலையில் கொட்டினார்கள். அன்றைய மோதல் அநேகமாக மக்களுக்கும் பொலிஸுக்கும் இடையில்தான் நடந்தது. பாசிஸ்டுகள் அணிவகுத்து நின்று காத்திருந்ததோடு சரி. சுமார் 150 பேர் கைதானார்கள். கடைசியில் பொலிஸ் ஆணையாளர், ஊர்வலத்தைக் கைவிடும்படி மோஸ்லியிடம் சொல்ல, அவர்கள் மேற்கே திரும்பினார்கள்.

யூதர்களோடு தோளோடு தோள் நின்றவர்களில் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர் பலர். இது திடீரென்று முளைத்த சகோதரத்துவமல்ல. 1912இல் துறைமுக வேலைநிறுத்தம் நீண்டு பட்டினி வந்தபோது, அவர்களுடைய குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரை யூதத் தையல் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்துப் பராமரித்திருந்தன. பாசிசத்தைப் பற்றிய பெரிய புத்தகங்களில் இந்தச் சிறிய செய்திக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

கதையை இதோடு முடிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டே நாள் கழித்து மோஸ்லி பெர்லினில், கோயபல்ஸ் வீட்டில், ஹிட்லர் விருந்தினராக இருக்க, இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஞாயிறு மைல் எண்ட் வீதியில் யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. லண்டனில் பாசிஸ்டுகளின் உறுப்பினர் தொகை குறையவில்லை, கூடியது. 1937 மார்ச்சில் நடந்த லண்டன் மாநகரசபைத் தேர்தலில் பெத்னல் கிறீனில் அவர்களுக்கு 23 சதவீத வாக்கு. ஆனாலும் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? பொருளாதாரம், முக்கியமாகத் தென் இங்கிலாந்தில், 1934இலிருந்தே தேறத் தொடங்கியிருந்தது. கொன்சர்வேட்டிவ்கள் ஆதிக்கம் செலுத்திய அரசு உறுதியாக இருந்ததால் நடுத்தர வர்க்கத்துக்கு வேறு காவலர் தேவைப்படவில்லை. தொகுதிவாரித் தேர்தல் முறை சிறு கட்சிகளைத் தலையெடுக்க விடாது. 1937இன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பொது ஒழுங்குச் சட்டம் அரசியல் சீருடைகளைத் தடைசெய்தது. (அதே சட்டத்தின் ஊர்வலத் தடை அதிகாரங்கள் பின்னாளில் இடதுசாரிகள் மீதும் பாய்ந்தன.) 1940 மே மாதம் மோஸ்லி விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். கட்சியும் அந்த ஆண்டே தடைசெய்யப்பட்டது. சுபாவம் என்பதை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவற்றில் இரண்டோ மூன்றோ இல்லாதிருந்தால் கேபிள் வீதி மட்டும் போதுமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் கிழக்கு லண்டன் மக்களுக்கு, தாங்கள் தனியாக இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதை வாக்குச் சதவீதத்தில் அளக்க முடியாது.

ஷாட்வெல் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், பழைய சென்ட் ஜோர்ஜ் நகர மண்டபத்தின் பக்கச்சுவர் முழுதும் அந்த நாளின் ஓவியம் இருக்கிறது. 1983இல் முடிக்கப்பட்டது. வேலை நடக்கும்போதும் பிறகும் நாசப்படுத்தப்பட்டுத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது.

மோஸ்லியின் கதையில் தமிழர் ஒருவரும் குறுக்கிடுகிறார். 1958இல் கொழும்பில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது நாட்டை விட்டு வெளியேறிய அம்பலவாணர் சிவானந்தன் லண்டன் வந்திறங்கியபோது, இங்கே நொட்டிங் ஹில்லில் கரீபியக் குடியேறிகள் மீது வெள்ளையர் கும்பல்கள் பாய்ந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில், அந்தக் கலவரத்தையே முதலாக வைத்து, வட கென்சிங்டனில் போட்டியிட்டவர் மோஸ்லி. இம்முறை அவர் இலக்கு யூதர்களல்ல, கறுப்பர்கள். கட்டுப்பணத்தை இழந்தார். 1980இல் பாரிஸுக்கு அருகே இறந்தார். நூலகராக வேலைக்குச் சேர்ந்த சிவானந்தன் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகி, அதைப் பிரித்தானிய இனவாத எதிர்ப்பின் சிந்தனைக் களமாக மாற்றினார். 1997இல் அவருடைய ஆங்கில நாவல் 'வென் மெமரி டைஸ்' வெளிவந்தது. இலங்கைக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை அது. 2018 ஜனவரியில் லண்டனில் காலமானார்.