டெய்லரின் கடிகாரமும் எங்க ஊர் போர்மேனும்

பி.காம். படித்த யாரும் டெய்லரிடமிருந்து தப்பியிருக்க முடியாது. மேலாண்மைத் தத்துவங்கள் பேப்பரில் பத்து மார்க் கேள்வி, வருஷம் தவறாமல் வரும். கையில் ஸ்டாப் வாட்ச்சோடு தொழிலாளி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதிக்கொண்ட மனிதர்.

1899-ல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் நடந்ததாக அவர் சொல்லும் கதை பிரபலம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12½ டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார். டெய்லர் சொன்னபடி வேலை செய்ததும் அது 47½ டன் ஆனது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி சுமார் 60 சதவீதம்தான் கூடுதல். இதைத்தான் இரு தரப்புக்கும் லாபம் என்று நாங்கள் எழுதி மார்க் வாங்குகிறோம். (டெய்லர் கதையைக் கொஞ்சம் ஊதிவிட்டார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னதெல்லாம் சிலபஸில் கிடையாது.)

வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் பெரியப்பாதான். அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: மருந்து அறைகளில் யார், எவ்வளவு, எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும் ஆள். விபத்து நடந்தால் பேப்பரில் 'உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்கு' என்று வரும் இல்லையா, அந்த மூன்றாவது ஆள். அவரிடம் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்தால் என்ன ஆகும்?

மருந்துத் தொழிலில் அவசரம் ஆகாது என்பதை முதலாளிகளே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்று பெரிய ரசாயனக் கம்பெனியாகப் பெயர் தெரிந்த டூபான்ட், 1802-ல் அமெரிக்காவின் டெலவேரில் வெடிமருந்து ஆலையாக ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் பிரான்சில் லவாய்சியரிடம் தொழில் கற்றவர். ஆலைக் கட்டடங்களின் மூன்று பக்கம் கனத்த கல் சுவர், ஆற்றுப் பக்கம் மட்டும் லேசான சுவர். வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. 1811-லேயே பாதுகாப்பு விதிகள் எழுதிவிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, புதிதாகக் கட்டிய ஆலையில் நிர்வாகத்தில் ஒருவர் முதலில் தானே வேலை செய்து பார்க்காமல் தொழிலாளி யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது. முதலாளி வீடும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இவ்வளவும் செய்தும் 1818-ல் பெரிய வெடிவிபத்து. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், முதலாளியின் மனைவிக்கும் காயம்.

நம்ம ஊர் ஆரம்பமும் பொறுமையில்தான். வானம் பார்த்த பூமி, வேறு பிழைப்பு கிடையாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். பணத்தைப் போட்டுவிட்டு ஆளை வைத்து நடத்தலாம் என்று நினைக்காமல், அங்கே தங்கி தீப்பெட்டி செய்யும் வேலையைத் தாங்களே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இயந்திரம் வைத்துப் பார்த்து, கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாறினார்கள். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தபிறகு உரிமத்தோடு பட்டாசுத் தொழிலும் வேர் பிடித்தது.

ஆனால் கைவேலையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. பீஸ் ரேட். பெட்டி ஒட்டினாலும் குச்சி அடுக்கினாலும் திரி வைத்தாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதாவது டெய்லர் வராமலேயே டெய்லரின் பாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கேதான் பெரியப்பாவின் பாடு. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும். கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இடி மின்னல் என்றால் எல்லாரும் வெளியே. இதையெல்லாம் அவர் அட்சரம் பிசகாமல் பார்ப்பார். காலையில் வேலை ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு அறையாகப் போய் இரண்டு வார்த்தை பேசுவார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், ராத்திரி தூங்காதவர் யார் என்று முகத்திலேயே தெரியும் என்பார். அவர்களுக்கு அன்று மருந்து வேலை கிடையாது, பேக்கிங்தான்.

இதனால் முதலாளிக்கு அவர் மேல் கோபம் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதிகமாகத் திட்டு வாங்கியது வேலை செய்கிற பெண்களிடம்! "அண்ணாச்சி, நீங்க மாசச் சம்பளக்காரரு. மழைன்னு வெளிய உக்கார வச்சா எனக்கு இன்னைக்கு யாரு கூலி தருவா?" என்று ஒரு அக்கா எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து கேட்டிருக்கிறார். அந்த அக்கா கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவும் பதில் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து அந்த ஆலையை விட்டே விலகிவிட்டார், தீபாவளி சீசன் ஒன்றில், அறைக்கு நாலு பேர் ஆறானபோது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். காப்பாற்ற ஓடிப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. உள்குத்தகைக்கு எடுத்தவனுக்குப் போட்ட காசைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை எப்படி இருக்கும்? கல்கத்தாவில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'உராய்வு காரணமாக' என்று எழுதுகிறார்கள். சரிதான், உராய்வுதான். அந்த உராய்வுக்குக் காரணம் என்ன என்று காமர்ஸ்காரன் கேட்டால் காஸ்டிங் நோட்டில் கூலி என்ற வரியில் கைவைக்க வேண்டும். போர்மேன் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும், நிதானத்துக்கான காசைத் தொழிலாளி கையிலிருந்து பிடித்தால் அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

போன வாரம் பெரியப்பாவிடம் கேட்டேன், மருந்து அறைகளுக்கு மட்டுமாவது நாள்கூலி போட்டால் என்ன என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "போடலாம். மழைக்கு வெளிய நிக்கிற நேரத்துக்கும் சேர்த்துப் போடணும். அப்பத்தான் நான் கூப்பிட்டா எந்திரிச்சு வருவாங்க" என்றார்.