ஒன்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

மொழி உரிமை என்றாலே நாம் சட்டத்திலிருந்து பேசத் தொடங்கிவிடுகிறோம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் அது தலைகீழாக நடந்தது. அங்கே பள்ளிக்கூடம் முதலில் வந்தது. சட்டம் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

ஐரிஷ் மொழி தானாகச் சுருங்கவில்லை. 1737ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தின. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போடுவார்கள். பிறகு வெட்டுகளை எண்ணி அடி விழும். பல ஊர்களில் பெற்றோரே இதற்கு உடன்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பஞ்சத்திலிருந்து தப்பிக் கப்பலேறப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் போட வைத்தது யார் என்பதுதான் நம் கேள்வி.

1960களின் இறுதியில் மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் ஷாஸ் ரோட்டில் சில குடும்பங்கள் நிலம் வாங்கி, ஐரிஷ் மட்டுமே பேசும் ஒரு குடியிருப்பைக் கட்டின. பிறந்த வீட்டில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். பெரியவர்களான பிறகு கற்றுக்கொண்டவர்கள். 1969 ஆகஸ்டில் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த பாம்பே தெரு எரிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்டும் வேலையிலும் இவர்களில் சிலர் இறங்கினார்கள். ‘சொல்லாதே, செய்’ என்பது அவர்களுடைய முழக்கம்.

ஐரிஷ் வழிப் பள்ளி தொடங்கினால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று கல்வி அமைச்சகம் மிரட்டியிருந்தது. அப்படியிருந்தும் 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு தொடக்கப்பள்ளியைத் திறந்தார்கள். அரசு நிதி 1984இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் ஆசிரியர் சம்பளத்துக்குப் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் பணம் திரட்டினார்கள்.

தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவது? ஆங்கிலப் பள்ளிக்குத்தான். ஏழு ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் ஒரு மொழியில் படித்த பிள்ளைக்குப் பதினொரு வயதில் அந்த மொழி ஒரு பாடமாகச் சுருங்கிவிடும். அதனால் 1991இல் ஃபால்ஸ் ரோட்டில் ஒரு பழைய பிரஸ்பிடேரியன் தேவாலயக் கட்டடத்தில் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. அங்கேயும் முதலில் ஒன்பது பேர்தான். அந்தக் கட்டடத்தின் பெயரில் இருவர் இருக்கிறார்கள்: கர்தினால் ஓ ஃபீக், 19ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் சேகரித்த பிரஸ்பிடேரியன் ராபர்ட் மக்காடம். இது கத்தோலிக்கர்களின் மொழி மட்டுமே என்று சொல்பவர்கள் மக்காடமை மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் போதாது என்று அரசு நிதி மறுத்தது. எண்ணிக்கை வந்தால்தான் பணம், பணம் வந்தால்தான் எண்ணிக்கை. இந்த வாதத்தை நாம் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்! 1996இல்தான் நிதி கிடைத்தது. பிறகு கொலாஷ்தா ஃபெர்ஸ்தா என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளியில் இன்று நூற்றுக்கணக்கானோர் படிக்கிறார்கள்.

1998 பெரிய வெள்ளி ஒப்பந்தம் ஐரிஷ் வழிக் கல்வியை ஊக்குவிப்பதும் அதற்கு வழிசெய்வதும் கல்வித் துறையின் கடமை என்றது. அதே ஆண்டு அது சட்டமாகவும் ஆனது. ஆனால் தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பேருந்து கேட்டபோது துறை தன் வழக்கமான போக்குவரத்து விதியைக் காட்டியது. பள்ளி வழக்குத் தொடுத்தது. 2011இல் நீதிபதி ட்ரேசி, இந்தக் கடமை வெறும் ஆசை வாசகம் அல்ல, துறை அதற்கு உரிய எடை கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். பேருந்து சின்ன விஷயமாகத் தெரியலாம். போய்ச்சேர வழியில்லாத பள்ளியைத் திறந்து வைத்திருந்து என்ன பயன்?

1737ஆம் ஆண்டுத் தடையை நீக்க வழிசெய்யும் சட்டம் 2022இல்தான் நிறைவேறியது. நகரில் தனித்த ஐரிஷ் வழி உயர்நிலைப் பள்ளி இன்னும் அந்த ஒன்றுதான். வடக்கு பெல்ஃபாஸ்ட்டில் ஐரிஷ் வழித் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து முடிக்கும் பிள்ளை அதே மொழியில் தொடர வேண்டுமானால், ‘அமைதிச் சுவர்கள்’ பிரித்து வைத்திருக்கும் நகரத்தைக் கடந்து தினமும் மேற்கே போய்வர வேண்டும்.