நுளம்பு விரட்டிகளும் காப்பு நேரமும்: சித்திரனெல்லா எண்ணெய் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் தென்பகுதியில் விளைந்த சித்திரனெல்லாப் புல்லிலிருந்து வடித்த எண்ணெய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் அதனைக் கற்பூரத்துடனும் பரபினுடனும் கலந்து நுளம்புக் கடிக்கு எதிராகப் பூசினர். நுளம்பு விரட்டியெனப் பெயர் பெற்ற இவ்வெண்ணெயின் ஆற்றல் எப்போது, எவ்வாறு அளக்கப்பட்டது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும்.

வணிகப் பொருளென்ற முறையில் அது கண்டிப்பாகவே சோதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க் கலப்படம் மலிந்திருந்தமையால், எண்ணெய் 80 சதவீத மதுசாரத்தில் தெளிவாகக் கரைகின்றதா எனப் பார்க்கும் சோதனையை ஜேர்மனியின் சிம்மெல் நிறுவனம் வகுத்தது. எனினும் அச்சோதனை சவர்க்கார உற்பத்தியாளரின் தேவைக்கு உகந்ததேயன்றி, நுளம்புக் கடிக்கு ஆளாவோனின் தேவைக்கு உகந்ததன்று. எண்ணெய் தூயதா என்று வினவினர். எத்தனை நாழிகை காக்கும் என்று வினவினாரல்லர்.

இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயைப் பரப்பிய அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்பு இரவிற் கடிப்பது. மாலையிற் பூசிய எண்ணெய் நள்ளிரவிலும் காக்குமா என்பதே அங்கு உயிர்நிலையான கேள்வி. மணத்தைக் கொண்டு அதனை மதிப்பிடுதல் இயலாது.

விடை போரின் தேவையால் வந்தது. 1942 இல் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடமொன்று புளோரிடாவின் ஒர்லாண்டோவில் இப்பணியைத் தொடங்கி, பல்லாயிரம் சேர்வைகளைச் சோதித்தது. மருந்து பூசிய முன்கையைப் பசித்த நுளம்புகள் நிறைந்த கூட்டினுள் நீட்டி, கடிபடும்வரை கழியும் நேரத்தைக் கணித்தனர். எளிய முறைதான், ஆயின் புகழுக்குப் பதிலாக மணிக்கூட்டைச் சான்றாக்கியது அதுவே. இருமெதைல்தலேற்று, ‘612’ எனப்பட்ட எதைல் எட்சேன்தயோல் முதலியன படையினரிடையே பரவின. 1946 இல் அமெரிக்கப் படைக்கென உருவான ‘டீற்’ 1957 இல் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. 2002 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 15 தொண்டர்களின் கைகளில் 23.8 சதவீத டீற் சராசரியாக 301.5 நிமிடம் முழுக் காப்பளித்தது. சித்திரனெல்லாக் கலவைகள் 20 நிமிடமும் தாக்குப்பிடிக்கவில்லை. செறிவும் ஆவியாகும் வேகமும் வேறுபடுவதால் இவ்வொப்பீட்டை எல்லாக் கலவைகளுக்கும் பொருத்துதல் தகாது. ஆயினும் இரவு முழுவதும் கடிக்கும் நுளம்பின் முன் இருபது நிமிடம் எம்மட்டு?

பாதுகாப்புப் பற்றிய சோதனையோ இன்னும் பிந்தியே வந்தது. பிளாத்திக்குப் பொருள்களைக் கரைக்கும் டீற்றின்மீது மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. சிறுவரிடத்து அரிதாக வலிப்பும் பதிவாயிற்று. 1998 இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் அதனை மீளாய்ந்து, அறிவுறுத்தியவாறு பாவிப்பின் பெருங்கவலைக்கு இடமில்லை எனக் கண்டது. ‘612’ இன் கதை வேறு. விலங்குக் கருக்களின் வளர்ச்சியை அது பாதித்தமை தெரியவந்தபின், 1991 இல் அதன் பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குள் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு மனிதத் தோலிற் பூசப்பட்டிருந்தது.